அடுப்படித் தியானம்

பிப்ரவரி 14, புதன்

சாம்பற் புதன். இந்த லெந்துத் தவக்காலம் நாற்பது நாளும் கோபத்தை விட்டுவிடுவது என்று காலை ஆராதனையில் முழங்காலில் நின்று தீர்மானம் செய்தேன். வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் மூன்று முறை கோபப்பட்டாயிற்று. ஆட்டோக்காரரிடம் ஒன்று. வாசலில் குப்பையைக் கொட்டிய எதிர்வீட்டுக்காரியிடம் ஒன்று. மூன்றாவது, சிலிண்டர் கொண்டுவருகிறவர் நான் இல்லாத நேரம் பார்த்து வந்து போனதற்கு. போன வருடம் காபியை விட்டேன். அது எவ்வளவோ எளிது.

ஆராதனை முடிந்து குருவானவர் தேவதாசன் ஐயா பிடித்துக்கொண்டார். “டீச்சர், ஏப்ரல் மாதத்துக்கு அடுப்படித் தியானம் மார்ச் பதினஞ்சாம் தேதிக்குள்ள வேணும். ஈஸ்டர் இதழ். உருக்கமா எழுதுங்க.” பதினோரு வருடமாக எங்கள் பகுதிச் சபைகளின் மாத இதழான சேகரப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் என்னுடையது. சபை ஜனங்கள் பின்னாலிருந்து புரட்டுகிறார்கள் என்று ஐயாவே சொல்வார்.

தங்கை ஜெபக்கனியும் வந்திருந்தாள். மெலிந்திருக்கிறாள். முகத்தில் ஒரு தெளிவு. சர்க்கரைக்காரி மெலிவது நல்லதுதான்.

இரவுச் சாப்பாடு கஞ்சியும் துவையலும். பிரஷர் மாத்திரை இன்னும் இரண்டு வாரத்துக்குத்தான் இருக்கிறது. வாங்க வேண்டும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஜெபக்கனி கோயிலுக்கு வரவில்லை. அவள் மகள் பியூலாவிடம் கேட்டேன். “அம்மா கிதியோன் பிரதர் கூட்டத்துக்குப் போயிருக்காங்க பெரியம்மா” என்றாள். அவளுக்கும் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பேங்க் வேலை, ஆறு நாள் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பிடித்து நிறுத்தவா முடியும்?

கிதியோன் புறவழிச் சாலையில் தகரக் கொட்டகை போட்டுக் கூட்டம் நடத்துகிறவன். மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவான். நூறு வருடக் கற்கோயிலை விட்டுவிட்டுத் தகரக் கொட்டகைக்குப் போகிறாள் என் தங்கை. எங்கள் அப்பா முப்பது வருடம் அந்தக் கோயிலில் பாடகர் குழுவில் நின்றவர்.

தீர்மானம் இன்றும் உடைந்தது.

பிப்ரவரி 22, வியாழன்

ஜெபக்கனி மதியம் வந்தாள். லேசாக நொண்டினாள். புதுச் செருப்புக் கடித்துவிட்டதாம். ஜெபித்த எண்ணெய் போட்டிருக்கிறாளாம்.

“எவன் ஜெபிச்சது? அந்தக் கொட்டகைக்காரனா?”

“ஏசாதக்கா. எண்ணெய் எண்ணெய்தான்.”

வந்த அரைமணி நேரத்தில் மூன்று செம்பு தண்ணீர் குடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது அவள் வாயில் பழுத்த பழத்தின் வாடை. “மாம்பழம் தின்னியாட்டீ?” என்றேன். “மாசி மாசத்துல மாம்பழம் எங்க இருக்கு?” என்று சிரித்தாள்.

“உடம்பு எப்படி இருக்கு?”

“எனக்கு ஒன்னும் இல்லக்கா. கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு. உனக்குத் தெரியாததா?” என்று என்னைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தாள். என்ன சிரிப்போ.

ஊசி ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். குக்கர் விசில் அடித்தது. எழுந்து போனேன். திரும்பி வந்தபோது பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

பிப்ரவரி 24, சனி

பியூலா போன் செய்தாள். ஜெபக்கனி குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாளாம். நினைவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

சர்க்கரை ஐந்நூற்று எண்பது. இரத்தத்தில் விஷம் ஏறியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். காலில் செருப்புக் கடித்த இடம் கறுத்துப்போய்க் கணுக்கால் வரை வீங்கியிருக்கிறது.

“எத்தனை நாளா இன்சுலின் போடல?” என்று எங்களைக் கேட்டார்.

பியூலா சொன்னாள்: “தெனம் போடுதேன்னுதான் சொன்னாங்க மேடம். நேத்து ஃப்ரிட்ஜைத் தொறந்து பாத்தேன். தை மாசம் வாங்கின மருந்து பிரிக்காமலே இருக்கு.”

டாக்டரம்மா குறிப்புத்தாளை இழுத்தார். எழுதிக்கொண்டார். ஏதாவது திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கிதியோன். அவன்தான். மருந்தை விட்டுவிடு, விசுவாசி என்று அந்த மைக்கில் கத்தியிருப்பான். அவனை நான் சும்மா விடப்போவதில்லை. ஆண்டவரே, இந்தக் கோபத்தை விடச் சொல்லாதேயும். விடமாட்டேன்.

பிப்ரவரி 26, திங்கள்

ஜெபக்கனி கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள். பிறகு வேதப் புத்தகம் கேட்டாள். மாற்று நைட்டியும் புத்தகமும் எடுத்துவர அவள் வீட்டுக்குப் போனேன்.

கட்டில் தலைமாட்டில் இருந்தது. நடுவில் ஏதோ தாள் மடித்து நீட்டிக்கொண்டிருந்தது. பிரிக்கவில்லை. மற்றவர்களின் வேதப் புத்தகத்துக்குள் துழாவுவது எனக்குப் பிடிக்காது. துணிப்பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஃப்ரிட்ஜில் புளித்த மாவை வெளியே கொட்டினேன். பாத்திரம் கழுவினேன். வாசல் தெளித்தேன். வேலை இருந்தது.

பிப்ரவரி 27, செவ்வாய்

கொட்டகைக்குப் போனேன். கிதியோன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கிட்டத்தில் பார்த்தால் சின்ன ஆள். முப்பத்தைந்துகூட இருக்காது. கைலியைத் தூக்கிக் கட்டியிருந்தவன் என்னைப் பார்த்ததும் இறக்கி விட்டான்.

“வாங்க டீச்சர். ஜெபக்கனி அக்காவுக்கு எப்படி இருக்கு?”

“நீ கேக்கிறியா? ஊசியை விடுன்னு சொல்லி ஒரு பொம்பளையச் சாவு வாசல்ல கொண்டு நிறுத்திட்டு நீ கேக்கிறியா? போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன்!”

அவன் கத்தவில்லை. மைக் இல்லாததாலோ என்னவோ. “டீச்சர், நான் யாரையும் மருந்தை விடச் சொன்னதில்லை. எங்கம்மா கிட்னி போயி, வாரத்துக்கு ரெண்டு தடவ மிஷின்ல கெடந்து செத்தாவ. நானா சொல்லுவேன்? உங்க தங்கச்சி இங்க வந்து சுகமாயிட்டேன்னு சாட்சி சொன்னப்பவே, டாக்டர்ட்ட கேட்டீங்களாக்கான்னுதான் கேட்டேன். அப்ப அவிய ஒரு தாளை எடுத்து...”

நிறுத்திக்கொண்டான். என் முகத்தைப் பார்த்தான். “விடுங்க டீச்சர். நான் ஜெபிக்கேன்.”

ஏதோ தாளாம். பொய்யன். கையும் களவுமாகப் பிடித்தால் இவர்கள் எல்லாருமே பசுவாகிவிடுவார்கள்.

வரும் வழியில் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினேன். ஒரு மாதத்துக்கு.

மார்ச் 1, வெள்ளி

முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுக்க வேண்டும். சர்க்கரை இறங்கியதும் எடுப்பார்கள், அதற்கு மேல் தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து. பியூலா கையெழுத்துப் போட்டாள். நானும் போடுகிறேன் என்று கையை நீட்டினேன்.

“நீங்க போட வேண்டாம் பெரியம்மா” என்றாள். பேனாவை நர்சிடம் கொடுத்துவிட்டாள்.

பிள்ளை களைத்திருக்கிறாள்.

மார்ச் 3, ஞாயிறு

கோயில் வாசலில் பெண்கள் ஐக்கியச் செயலாளர் கிளாடிஸ் என்னை நிறுத்தினாள். வேப்பமரத்தடியில் பத்துப் பேர் நின்றார்கள்.

“டீச்சர், மனசைத் தளர விடாதிய. தங்கச்சி விசுவாசம் பாதியில ஆட்டங்கண்டிருக்கும். முழுசா நின்னிருந்தா இப்படி ஆகியிருக்காது. நீங்க நின்னீங்கல்லா?”

கிளாடிஸை நான் பதின்மூன்று வருடமாக அறிவேன். ‘உன் வாயில் புழு வைக்க’ என்று கத்தினேன். கோயில் வாசலில், லெந்து ஞாயிறன்று, ஓய்வுபெற்ற தமிழாசிரியை. “அவ கால் அழுகிக் கெடக்கு. நீ விசுவாசத்தை அளக்க வந்துட்டியா? எந்தப் படி வச்சு அளக்க?”

கிளாடிஸ் கண்ணீரோடு போய்விட்டாள். ஐயா தூரத்திலிருந்து பார்த்தார். எனக்கு வெட்கமாக இல்லை.

‘நீங்க நின்னீங்கல்லா’ என்றாளே, அதற்குத்தான் கோபம் வந்தது. ஏன் என்று இப்போது யோசிக்க வேண்டாம்.

மார்ச் 5, செவ்வாய்

எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 6, புதன்

உம்மோடுதான் எனக்கு வழக்கு. ஐம்பத்து நான்கு வயதில் அவள் உமக்கு என்ன குறை வைத்தாள்? புருஷன் விட்டுவிட்டுப் போனபோதுகூட வெள்ளிக்கிழமை உபவாசத்தை விடாதவள். சாகக் கிடந்தவர்களையெல்லாம் கைதூக்கி எழுப்பினீர் என்று நாங்கள் பாடுகிறோம். இவளுக்கு ஒரு செருப்புக் கடியை ஆற்ற உமக்கு நேரமில்லை. என் எழுத்தை வேறு நீர்தான் பயன்படுத்தினீர் என்று மேடையில் சொல்கிறார்கள். நீர் பயன்படுத்தியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா?

இந்தப் பக்கத்தைக் கிழிக்க நினைத்தேன். கிழிக்கவில்லை.

மார்ச் 8, வெள்ளி

இன்று எழுதியே ஆக வேண்டும்.

வார்டுக்கு வெளியே வராந்தாவில் பியூலா வேதப் புத்தகத்திலிருந்த அந்தத் தாளை என் மடியில் வைத்தாள். “அன்னைக்கே பாத்துட்டீங்கல்லா பெரியம்மா?”

“பிரிக்கல.”

“பிரிக்காமலே தெரிஞ்சிருக்கும்.”

தெரிந்திருந்தது. நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தில் பச்சை மையில் பூவேலை. சேகரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்துக்கு மட்டும் போடும் பூவேலை. ஜனவரி மாதத்தது. புதுவருடத் தியானம். ஜெபக்கனி நான்கு இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தாள். அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

“என் அடுப்படி அலமாரியில் ஒரு மாத்திரை டப்பா உண்டு. தினமும் காலையில் ஆண்டவரை நினைக்கும் முன் அதைத்தான் நினைத்தேன். ஒரு நாள் உணர்த்தப்பட்டேன். என் நம்பிக்கை யாரிடம்? அந்த டப்பாவை எடுத்து மேல் தட்டில் வைத்தேன். நாற்பது நாள் அதைத் தொடவில்லை. நாற்பத்தோராம் நாள் மருத்துவர் என் கையைப் பிடித்துப் பார்த்து வியந்தார். சகோதரியே, உன் மேல் தட்டில் எதை வைக்கப்போகிறாய்?”

கடைசி வரியில் இரண்டு கோடு.

நான் ஒரு நாளும் மாத்திரையை நிறுத்தியதில்லை. ஒரு வேளைகூட. அந்தத் தியானத்தை எழுதிய காலையிலும் மாத்திரையைப் போட்டு, காபி குடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கவலையை விட்டுவிடு என்று சொல்ல வந்தேன். ஓர் உதாரணம் தேவைப்பட்டது. டப்பா கண்ணில் பட்டது. நாற்பது நாள் என்றால் வேத வாசனை வரும். மருத்துவர் வியந்தால் முடிவு நன்றாக இருக்கும்.

“நீங்க மாத்திரை போடுதது எனக்குத் தெரியும் பெரியம்மா” என்றாள் பியூலா. “உங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் பாத்திருக்கேன். ஜனவரியில படிச்சப்போ சிரிச்சேன். பெரியம்மா அளக்காங்கன்னு. அம்மா நம்புவாங்கன்னு எனக்குத் தோணல. அந்தப் பாவம் என்னோடது. மிச்சம் உங்களோடது.”

எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் வராந்தாவில் இருந்தேன். சாயங்காலக் காபி விற்கிறவர் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 9, சனி

பதினோரு வருடத்துப் பக்கங்களையும் எடுத்துப் பார்த்தேன். தொலைந்த சாவி ஜெபித்ததும் கிடைத்த கதை: சாவி பூட்டிலேயே தொங்கியது. மழையில் குடை கொடுத்த முகம் தெரியாத மனிதர்: அப்படி யாரும் இல்லை, நனைந்துதான் வந்தேன். உண்மையானவையும் உண்டு. அவை சுவையாக இல்லை.

கிதியோனைப் பார்த்துப் பொய்யன் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். அடிக்கப் போனால் அடி யாருக்கு விழ வேண்டும்?

மார்ச் 12, செவ்வாய்

ஜெபக்கனியிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. “அந்தத் தியானம் பொய்யிட்டீ. நான் மாத்திரையை நிறுத்தவே இல்ல.”

கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பார்வையை எடுக்காமலே, “டாக்டர் கையைப் பிடிச்சுப் பாத்தது?” என்றாள்.

“அதுவும்.”

“நாற்பது நாள் கணக்கு வச்சேன்க்கா. காலண்டர்ல சிலுவை போட்டுப் போட்டு. காலு கறுத்தப்ப பயமா இருந்துச்சு. அக்கா நின்னாளே, நான் நிக்க மாட்டனான்னு இருந்தேன்.”

அவள் கையைப் பிடித்தேன். உதறினாள். ஜெபக்கனி என் கையை உதறியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

“பொய் சொல்லுதவ யாருன்னாலும் சொல்லட்டும். நீ டீச்சர்லா? என் அக்கால்லா? போ. என் கண்ணுல படாத. ஏசுவையும் கூட்டிட்டு வராத.”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். வந்துவிட்டேன்.

மார்ச் 14, வியாழன்

ஈஸ்டர் இதழுக்கு எழுதிக் கொண்டுபோனேன். ஒரே பக்கம். ஜனவரித் தியானம் பொய், அதை நம்பி மருந்தை நிறுத்திய என் தங்கை கால் இழந்தாள், நிறுத்தியவர்கள் யாராவது இருந்தால் இன்றே டாக்டரிடம் போங்கள். அவ்வளவுதான்.

ஐயா இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“டீச்சர், நொந்து எழுதியிருக்கீங்க. புரியுது. ஆனா இதைப் போட்டா, நீங்க பதினோரு வருஷமா எழுதின எல்லாத்தையும் ஜனங்க சந்தேகப்படுவாங்களே.”

“படட்டும் ஐயா. படணும்.”

“பத்திரிகைக்கும் கெட்ட பேர். மருந்தும் கர்த்தர் தந்த ஈவுதான்னு பொதுவா ஒரு தியானம் எழுதிக் குடுங்க. நீங்க அழகா எழுதுவீங்க.”

“அழகா எழுதித்தான் ஐயா அவ கால் போச்சு.”

தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் கோபம் இதற்கு முன்பெல்லாம் கூரையில் விழும் மழைபோலச் சத்தம் போட்டுவிட்டு ஓடிவிடும். இது அப்படி இல்லை. இதை வைத்து ஏதாவது செய்ய முடியும் என்று தோன்றியது.

மார்ச் 18, திங்கள்

பத்திரிகை போகும் வீடுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. பட்டியல் என்னிடமே இருக்கிறது. இன்று ஒன்பது வீடு ஏறி இறங்கினேன். “ஜனவரி மாசம் நான் எழுதினது பொய். நான் மாத்திரை நிறுத்தல. நீங்க யாரும் நிறுத்தியிருக்கீங்களா?” இந்த மூன்று வாக்கியம்தான். கூட ஒரு வார்த்தை அலங்காரம் கிடையாது.

இரண்டு வீட்டில் காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில், “அந்தப் பக்கத்தைக் கிழிச்சுத்தான் பலகாரம் வச்சோம், படிக்கல” என்றார்கள். அந்த வீட்டை முத்தமிட வேண்டும்போல் இருந்தது.

மார்ச் 23, சனி

எழுபத்தாறு வீடு. கால் வீங்குகிறது. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். இவ்வளவு காலம் அவர் மனைவியின் ஜெபக் குறிப்பேட்டில் என் பெயர் இருந்ததாம். இனி அதை அடித்துவிடச் சொல்லப்போகிறாராம். நியாயம்.

ஜெபக்கனியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். பியூலா குறுஞ்செய்தி அனுப்பினாள். வரச் சொல்லவில்லை.

மார்ச் 28, பெரிய வியாழன்

கிளாடிஸ் வீட்டை இன்று வரை தள்ளிப்போட்டேன். காலை பத்து மணிக்குப் போனேன். மெல்லிய கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். திறக்கவில்லை.

“இன்னும் திட்டு மிச்சம் இருக்கா டீச்சர்?”

“திட்டினதுக்கு மன்னிப்புக் கேக்கேன். ஆனா அதுக்கு வரல.” மூன்று வாக்கியத்தையும் சொன்னேன்.

கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்தன. உள்ளே போனாள். முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு எதுவோ விழும் சத்தம். “கிளாடிஸ்!” என்று கத்தினேன். கையில் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். திறந்து காட்டினாள். மாத்திரை அட்டைகள். மாதம் தவறாமல் வாங்கி, பிரிக்காமல் அடுக்கியிருக்கிறாள்.

“இருதயத்துக்கு” என்றாள். “ஜனவரியிலருந்து. தலை சுத்துது, மூச்சு வாங்குது. சாத்தான் சோதிக்கான்னு நெனச்சேன்.” அப்புறம் முகம் மாறியது. “உங்க தங்கச்சி விழுந்து ஒரு மாசம் ஆச்சே. அன்னைக்கு மரத்தடியில நின்னு என்னைக் கத்தினியளே. அப்பவே சொல்லியிருக்கலாம்லா? ஒரு வார்த்தை சொல்ல ஒரு மாசமா உங்களுக்கு?”

“ஆமா” என்றேன்.

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். பிரஷர் இருநூறும் நூற்றுப் பத்தும். உடனே படுக்க வைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்தினார். வழி முழுக்கக் கிளாடிஸ் என்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தாள். ஆனால் என் தோளைப் பிடித்துக்கொண்டு.

இன்னும் எண்பத்தொரு வீடு இருக்கிறது.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனையில் கடைசி பெஞ்சில் இருந்தேன். ஜெபிக்க வரவில்லை. எழுந்தும் போகவில்லை.

மார்ச் 31, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை முடிந்து ஆறரைக்குப் பியூலா போன் செய்தாள். “அம்மா கூப்பிடுறாங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஜெபக்கனி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நான் அதைப் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தேன்.

“கால் வலிக்கு. இல்லாத கால் வலிக்கு” என்றாள். “இதுக்கு ஒரு தியானம் எழுதேன்.”

“எழுத மாட்டேன். பக்கத்தை விட்டாச்சு.”

“வீடு வீடாப் போறியாமே. கிளாடிஸ் மக வந்து சொன்னா.”

“ம்.”

“கால்ல வெந்நி ஒத்தடம் குடு. வீங்கியிருக்கு ஒன் கால்.” சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “நாளையிலருந்து பியூலாவுக்கு வேலை. ஏழு மணிக்கே போயிருவா. ஊசி போட ஆள் வேணும். நர்சம்மா வைக்கலாம்னு சொல்லுதா இவ. எனக்கு வேத்து மனுசி வேண்டாம். கத்துக்கிடுவியா?”

பியூலா ஃப்ரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்து வந்தாள். எத்தனை அளவு இழுக்க வேண்டும், காற்றுக் குமிழியை எப்படித் தட்டி வெளியேற்ற வேண்டும் என்று காட்டினாள். பேங்கில் புதிதாக வந்தவருக்குச் சொல்வதுபோல் சொன்னாள். ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குமிழியைத் தட்டினேன். ஜெபக்கனி நைட்டியை விலக்கி வயிற்றைக் காட்டினாள், கண்ணைத் திறந்துகொண்டு, கோபமாக.

“மெதுவா.”

“மெதுவாத்தான்ட்டீ.”

குத்தினேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரு சொட்டு இரத்தம் வந்தது. பஞ்சால் அமுக்கினேன். “நீ போட்டா வலிக்கு” என்றாள்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுதினால் ஈஸ்டருக்குப் பொருத்தமாக இருக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை. பியூலா வழியனுப்ப வாசலுக்கு வரவும் இல்லை.

நாளைக் காலை ஏழரைக்குப் போக வேண்டும். சாப்பாட்டுக்கு முன்.